குகைக்குள் இறங்கப் போற தம்பிக்கு "சிங்கம்" என்று கொமன்ட் போடாதீங்க



நாலைந்து நாளாக நம்ம ஊர் வட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றுகிற அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீர், மேலே இருந்து கம்பி கம்பியாக இறங்குகிற வெயில், கூரையிலிருந்து தொங்குகிற கல் விழுதுகள், நடுவே மிதந்து போகிற ஒரு சுழியோடி. மெக்சிகோவில் எடுத்த வீடியோ. மாலைதீவில் டைவிங் சென்டர் ஒன்றில் வேலை செய்கிற நம்ம ஊர்த் தம்பி ஒருவர் அதைப் பகிர்ந்து, "அடுத்த லீவுக்கு இங்கதான், இன்ஷா அல்லாஹ்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே விழுந்த கொமன்ட்களைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேர் போட வேண்டாம் என்றார், போடவில்லை.

கொமன்ட்கள் மூன்று சாதி. "காசு கூடினா இப்படித்தான்" என்பது ஒன்று. "மௌத்தைத் தேடிப் போறான், உம்மா வாப்பாவை நினைச்சுப் பாக்கல்ல" என்பது இரண்டாவது. மூன்றாவது, "நம்ம கரையில பிறந்தவன், தண்ணிக்குப் பயப்பட மாட்டான், போய்ட்டு வா சிங்கம்". லைக் அதிகம் விழுந்தது இந்த மூன்றாவதுக்குத்தான்.

எனக்கு முதல் இரண்டையும் விட இந்த மூன்றாவதுதான் பயத்தைத் தருகிறது.

காசு விசயத்தை முதலில் முடித்துவிடுவோம். அவர் உழைத்த காசு. வீட்டுக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டு, மிச்சத்தில் சேர்த்தது. மூன்று நாள் கலியாணத்துக்கு மூன்று வருசக் கடன் படுகிற ஊரில் இருந்துகொண்டு அவரிடம் கணக்குக் கேட்க நமக்கு வாயில்லை. அடுத்தது, "மௌத்தைத் தேடிப் போறான்" என்பது. இது பாசத்தில் வருகிற பேச்சு, நான் மதிக்கிறேன். ஆனால் அது முழுக்க உண்மையில்லை. அந்த இடத்துக்கு ஒவ்வொரு நாளும் உல்லாசப் பயணிகள் இறங்கி, ஏறி, சாப்பிட்டுவிட்டு ஹோட்டலுக்குப் போகிறார்கள். அதற்கென்று எழுதப்பட்ட விதிகள் இருக்கின்றன. விதிக்குள் நிற்கிறவனுக்கு அது வேறு இடம், விதியைத் தாண்டுகிறவனுக்கு வேறு இடம். இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான் என்பதுதான் சிக்கல்.

என்ன இடம் அது என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். விஞ்ஞான வாத்தியார் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். தரைக்கு மேலே ஆறு என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை. மழைத்தண்ணீர் கல்லுக்குள் இறங்கி, கல்லைக் கரைத்து, நிலத்துக்குக் கீழேதான் ஓடுகிறது. ஆயிரமாயிரம் வருடங்களாகக் கரைத்துக் கரைத்து உள்ளே சுரங்கம் சுரங்கமாகக் குகைகள். கூரை இடிந்து விழுந்த இடங்களில் கிணறு மாதிரி வாய் திறந்திருக்கும். அதற்கு மாயா மக்கள் வைத்த பெயரிலிருந்து வந்ததுதான் "செனோட்டே". யாழ்ப்பாணத்தில் புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணறு பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அதுவும் சுண்ணாம்புக்கல்தான், அங்கும் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். அதையே பெரிதாக்கி, உள்ளே பக்கவாட்டில் கிலோமீற்றர் கணக்கில் வழிகள் திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கிலோமீற்றர் கணக்கு என்று சும்மா சொல்லவில்லை. துலும் என்ற ஊருக்குப் பக்கத்தில் சாக் அக்துன், தோஸ் ஓஹோஸ் என்று இரண்டு குகைத் தொகுதிகள். 2018 ஜனவரியில் சுழியோடிகள் இரண்டுக்கும் இடையில் வழி கண்டுபிடித்து இணைத்தபோது மொத்த நீளம் 347 கிலோமீற்றர் என்று அறிவித்தார்கள். நம்ம கணக்கில், கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிற தூரத்தை விடக் கூட, அத்தனையும் தண்ணீருக்கு அடியில்.

அந்தக் கல் விழுதுகள் தண்ணீருக்குள் வளர்ந்தவை அல்ல. சொட்டுச் சொட்டாக நீர் விழுந்து, காற்றில்தான் அவை வளர முடியும். அப்படியென்றால் ஒரு காலத்தில் குகை காய்ந்து கிடந்திருக்கிறது. சுமார் 20,000 வருடங்களுக்கு முன்னர், பனியுகத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதை விட 120 மீற்றர் அளவுக்குக் கீழே இருந்தது. பனி உருகிக் கடல் ஏற, குகைகளில் நீர் நிரம்பியது. அது நிரம்புவதற்கு முன்னர் உள்ளே போன ஒரு பெண்பிள்ளை, இருட்டில் ஒரு குழிக்குள் விழுந்திருக்கிறாள். அவளுடைய எலும்புக்கூட்டை 2007இல் சுழியோடிகள் கண்டெடுத்தார்கள். 12,000 வருடங்களுக்கும் மேற்பட்டது. வயது 15, 16 இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். நான் ஒவ்வொரு நாளும் முன்னால் நிற்கிற தரம் 10, 11 பிள்ளைகளின் வயது. இதையெல்லாம் கண்ணால் பார்க்க ஒருவருக்கு ஆசை வருகிறது என்றால், அதில் என்ன பிழை? அந்தத் தம்பிக்கு நான்தான் விஞ்ஞானம் படிப்பித்தேன். ஆசை வந்ததற்கு நான் சந்தோசப்படத்தான் வேண்டும்.

இனி "சிங்கம்" விசயத்துக்கு வருகிறேன்.

தம்பி நல்ல சுழியோடி. நானும் நிலாவெளியில் ஓபன் வோட்டர் கோர்ஸ் செய்து கார்ட் எடுத்தவன்தான், ஆனால் என் டைவ் கணக்கு இருபதைத் தாண்டவில்லை. அவருக்கு எண்ணூறுக்கு மேல். நீரோட்டம் இழுக்கிற இடத்தில் வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருகிறவர். ஆனால் அந்த எண்ணூறும் தலைக்கு மேல் திறந்த கடலில் செய்தவை. திறந்த கடலில் எது பிழைத்தாலும் கடைசி வழி ஒன்று இருக்கிறது: மேலே. 18 மீற்றர் ஆழத்தில் காற்று முடிந்தால்கூட, ஒன்றிரண்டு நிமிடத்தில் மேலே வந்துவிடலாம். குகைக்குள் மேலே இருப்பது கல். வெளியே வர வேண்டுமானால் உள்ளே போன அதே வழியால், போன அதே தூரத்தை, நீந்தித்தான் வர வேண்டும். வெளிச்சம் போனாலும், கலங்கினாலும், கூட வந்தவன் பதறினாலும்.

1979இல் அமெரிக்காவில் ஷெக் எக்ஸ்லி என்பவர் குகைகளில் நடந்த மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அவரும் நம்மைப் போல ஆசிரியர், புளோரிடாவில் கணிதம் படிப்பித்தவர். வாசலிலிருந்து தொடர்ச்சியாகக் கயிறு கட்டாமல் போனது, திரும்பி வருவதற்குப் போதுமான காற்றை ஒதுக்காதது, அளவுக்கு மிஞ்சி ஆழம் போனது, இவைதான் திரும்பத் திரும்ப வந்த காரணங்கள். இன்றைக்கு இந்தப் பட்டியலின் தலையில் இன்னொன்றைச் சேர்த்துச் சொல்கிறார்கள்: குகைக்கென்ற பயிற்சி இல்லாமல் போனது. செத்தவர்களில் கடலில் மற்றவர்களுக்குப் படிப்பித்த டைவிங் இன்ஸ்ட்ரக்டர்மாரும் இருந்திருக்கிறார்கள். நீச்சல் தெரியாதவன் குகை வாசலிலேயே திரும்பிவிடுவான். தெரிந்தவன்தான் உள்ளே போகிறான். அந்த எக்ஸ்லிகூட 1994இல் மெக்சிகோவிலேயே, சக்கட்டோன் என்ற பாழ்கிணறு மாதிரியான நீர்க்குழியில், 250 மீற்றருக்கும் அதிக ஆழத்தில் இறந்துபோனார். அது வேறு மட்டத்து முயற்சி, நம்ம தம்பியின் பயணத்தோடு ஒப்பிட வேண்டியதில்லை. ஆனாலும் "எனக்கு ஆயிரம் டைவ் இருக்கு" என்று சொல்கிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்.

2018இல் தாய்லாந்துக் குகையில் 12 பொடியன்மாரும் அவர்களுடைய பயிற்றுநரும் மாட்டிக்கொண்டதை டீவிக்கு முன்னால் இருந்து எல்லோரும் பார்த்தோம், பள்ளியில் துஆவும் கேட்டோம். அதில் ஒரு விசயத்தை நாம் கவனித்தோமா? ஜூலை 2ஆம் திகதி பிள்ளைகளை முதலில் கண்டுபிடித்தவர்கள் இராணுவ வீரர்கள் அல்ல. ரிக் ஸ்டான்டன், ஜோன் வொலாந்தன் என்ற இரண்டு பிரித்தானியர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், மற்றவர் கம்ப்யூட்டர்த் துறையில் வேலை செய்கிறவர். நடுவயது தாண்டியவர்கள், குகையில் சுழியோடுவது பொழுதுபோக்கு. அதே குகையில் 6ஆம் திகதி சமன் குணான் என்ற முன்னாள் கடற்படை வீரர் காற்றுச் சிலிண்டர்களை உள்ளே வைத்துவிட்டுத் திரும்புகிற வழியில் உயிரிழந்தார். உடம்பு வலிமையிலும் துணிவிலும் அவருக்கு என்ன குறை? ஒன்றுமில்லை. குகை கேட்பது வேறு பழக்கம்.

நம்ம கரையிலும் இதே பாடம் கண்ணுக்கு முன்னால் நடமாடுகிறது. கடலட்டைக்கும் சங்குக்கும் ஒரு நாளைக்குப் பல தரம் ஆழத்துக்கு இறங்கி, அவசரத்தில் ஏறி, இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனவர்களைக் கரையோர ஊர்களில் தெரியாதவர் யார்? அவர்களுக்குத் தண்ணீர்ப் பயம் இருக்கவில்லை. அவர்களைப் போலக் கடலை அறிந்தவர்கள் இல்லை. அவர்களுக்கு யாரும் கணக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கு என்ன என்று ஒருமுறை போட்டுப் பார்ப்போம். (சிலர் அதை ஒக்சிசன் சிலிண்டர் என்கிறார்கள். இல்லை, உள்ளே இருப்பது நாம் இப்போது சுவாசிக்கிற இதே காற்றுத்தான், அழுத்தி அடைத்தது.) சாதாரண அலுமினியச் சிலிண்டர் 11 லீற்றர் கொள்ளளவு. 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 2,200 லீற்றர் காற்று. ஒருவர் மேற்பரப்பில் அமைதியாக நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுக்கிறார் என்று வைப்போம். 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, ஆகவே செலவும் இரண்டு மடங்கு, 40 லீற்றர். முழுச் சிலிண்டரும் 55 நிமிடம். அப்படியென்றால் 27 நிமிடம் உள்ளே போய் 27 நிமிடம் திரும்பி வரலாம்தானே என்று என் வகுப்பில் யாராவது சொன்னால், அவருக்கு நான் புள்ளி கொடுக்க மாட்டேன்.

குகை விதி மூன்றில் ஒன்று. மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் கையிருப்பு. 200இல் 66 பார் செலவானதும் திரும்ப வேண்டும். 11 லீற்றரை 66ஆல் பெருக்கினால் 726 லீற்றர், நமது ஆளுக்கு 18 நிமிடம். அவ்வளவுதான் உள்ளே போகலாம். ஏன் இந்தக் கஞ்சத்தனம்? ஆகத் தூரமான இடத்தில், திரும்பப் போகிற அந்த நிமிடத்தில், கூட வந்தவனுடைய காற்று முழுக்கப் போய்விட்டது என்று வையுங்கள். இனி உங்கள் சிலிண்டரிலிருந்து இரண்டு பேர் சுவாசித்து வெளியே வர வேண்டும். உங்களுக்குத் திரும்ப ஒரு பங்கு, அவனுக்குத் திரும்ப ஒரு பங்கு. உங்களிடம் இருப்பதும் சரியாக இரண்டு பங்கு. கணக்குப் பொருந்துகிறது.

ஆனால் அது காகிதத்தில்தான். காற்றுப் போனவன் அமைதியாக நிமிடத்துக்கு 20 லீற்றர் கணக்கில் சுவாசிப்பானா? பதற்றத்தில் இரண்டு மடங்கு இழுப்பான். நீங்களும் இழுப்பீர்கள். ஒரு சிலிண்டரில் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு நீந்தும்போது வேகமும் குறையும். ஆகவே மூன்றில் ஒன்று என்பது ஆகக் குறைந்த பாதுகாப்பு. முதல்தரம் போகிறவர்கள் அதற்கும் முந்தித் திரும்ப வேண்டும் என்பது என் கருத்து. இன்னொன்று, குழுவில் யாருடைய கேஜ் முதலில் அந்த இலக்கத்தைத் தொடுகிறதோ, எல்லோரும் அப்போதே திரும்ப வேண்டும். மற்றவனிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது கேள்வியே இல்லை.

தம்பி தன்னுடைய பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பியிருந்தார். 9 நாள், 12 டைவ். விமானம், ஹோட்டல், கெமரா, எல்லாவற்றுக்கும் விலை போட்டு எக்ஸலில் அழகாகச் செய்திருந்தார். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குப் பாடக்குறிப்பு எழுதப் படிப்பித்தவர், செயற்பாடு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "இது நடக்காவிட்டால் என்ன செய்வீர்" என்று சிவப்புப் பேனையால் கேட்பார். அந்தப் பழக்கத்தில் நானும் தம்பியின் எக்ஸலில் கேட்டேன். வந்து இறங்கிய அடுத்த நாள் காலையிலேயே தோஸ் ஓஹோஸ் என்றிருக்கிறது. முப்பது மணித்தியாலம் பறந்து, நித்திரை குழம்பி, நேர வித்தியாசம் உடம்பில் இருக்கும்போது வாழ்க்கையின் முதல் குகையா? மூன்றாம் நாள் அங்கெலிட்டா என்றிருக்கிறது. அங்கே சுமார் 30 மீற்றரில் மேகம் மாதிரி ஐதரசன் சல்பைட் படலம் மிதக்கும், படத்தில் பார்க்க அற்புதம்தான். ஆனால் ஆழம், அதன் கீழே இருட்டு. அதைக் கடைசிக்குத் தள்ளு, அல்லது விட்டுவிடு என்றேன்.

முதல் இரண்டு நாள் ஓய்வும் கடலும். அங்கேயே கொசுமெல் தீவில் நல்ல பவளப்பாறை இருக்கிறது, பழக்கமான வேலையிலிருந்து தொடங்கலாம். பிறகு பகல் வெளிச்சம் எட்டுகிற பகுதிக்குள் மட்டும். இதைத்தான் "கவர்ன்" என்கிறார்கள், அதைத் தாண்டினால் "கேவ்". நாம் தமிழில் இரண்டையும் குகை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம், உயிர் இருப்பதோ அந்த வித்தியாசத்தில். கவர்ன் என்றால் எந்த இடத்தில் நின்றாலும் வாசலின் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேற்பரப்பிலிருந்து ஆழமும் தூரமும் சேர்த்து இவ்வளவு என்று எல்லையும் உண்டு. சில நிறுவனங்கள் 40 மீற்றர் என்கின்றன, சில 60. அந்தப் பகுதியில் உள்ள வழக்கப்படி, கூட்டிப் போகிற வழிகாட்டி முழுக் குகைப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும், ஒருவருக்குப் பின்னால் நான்கு பேருக்கு மேல் போகக்கூடாது, நிரந்தரமாகக் கட்டிய கயிற்றை விட்டு விலகக்கூடாது. எல்லை முடிகிற இடங்களில் மரணத்தின் உருவம் வரைந்த பலகை மாட்டியிருப்பார்கள். மொழி தெரியாதவனுக்கும் விளங்கட்டும் என்றுதான் படம். வழிகாட்டியே அந்தப் பலகையைத் தாண்டி "ஐந்து நிமிடம்தான், வாங்க" என்று சைகை காட்டினாலும் போகக்கூடாது. இதைத் தம்பியிடம் மூன்று தரம் சொன்னேன்.

சின்ன விசயங்களும் இருக்கின்றன. நன்னீரில் உடம்பு கடலில் போல மிதக்காது. ஆளும் சாமானும் சேர்த்து 100 கிலோ என்றால் இடுப்புப் பட்டியில் இரண்டு, இரண்டரை கிலோ ஈயம் குறைக்க வேண்டும். கடல் கணக்கில் கட்டினால் அடிக்குப் போய்ச் சேற்றைத் தொடுவான். அந்தச் சேறு மா மாதிரி. காலில் போட்ட பின்ஸை மேலும் கீழும் அடித்தால் ஒரு நிமிடத்தில் பால் கலந்த தண்ணீர்தான், டோர்ச் அடித்தாலும் முகத்துக்கு முன்னால் வெள்ளைச் சுவர். தவளை நீந்துவது போலக் காலைப் பக்கவாட்டில் தள்ளப் பழக வேண்டும், அதை மாலைதீவிலேயே இன்றிலிருந்து பழகலாம். நன்னீரும் உவர்நீரும் சந்திக்கிற மட்டத்தில் கண் மங்கும், வெயிலில் தார் ரோட்டுக்கு மேலே கானல் ஆடுவது போல. கண்ணில் கோளாறு என்று பதறத் தேவையில்லை, அதற்கு மேலே அல்லது கீழே போனால் தெளியும். தண்ணீர் 24, 25 பாகை. மாலைதீவின் 28, 29க்குப் பழகியவனுக்கு இரண்டாவது டைவிலேயே நடுக்கம் வரும், தடிப்பான சூட் வேண்டும். சூட் தடித்தால் மிதப்பும் கூடும், ஈயக் கணக்கை அங்கே இறங்குமுன் ஒருக்கால் பார்த்துக்கொள்ள வேண்டும். கெமரா முதல் நாளுக்கு வேண்டாம். இதற்குத் தம்பி முகம் சுளித்தார். கையில் கெமரா இருப்பவனின் கண் கேஜில் இருக்காது, நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஜூன் முதல் நவம்பர் வரை அந்தப் பக்கம் சூறாவளிக் காலம், லீவு எடுக்கும்போது அதையும் பார்க்கட்டும். விசா, டிக்கெட் எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்.

நான் அதிகம் யோசித்தது எக்ஸலில் இல்லாத ஒன்றை. கூட வரப்போகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் இவரைப் போலவே டைவிங் வேலை. மற்றவர் ஹோட்டல் குசினியில் வேலை, ஓய்வு நாளில் இறங்கி இறங்கி முப்பது சொச்சம் டைவ் செய்தவர், வயதிலும் இளையவர். குகைக்குள் போய், அந்த இளையவருக்கு நெஞ்சு அடைக்கிற மாதிரி வந்தால், அவர் திரும்புவோம் என்று சைகை காட்டுவாரா? இரண்டு காக்காமார் முன்னால் போகிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து வந்த பயணம். தன்னால் கெட்டுப்போனது என்ற பேர் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போவார். நம் பொடியன்மாரை எனக்குத் தெரியும். வகுப்பில் விளங்காததை விளங்கவில்லை என்று கை உயர்த்திச் சொல்ல வெட்கப்படுகிற பிள்ளைகளைத்தான் நாம் வளர்க்கிறோம். களப்பில் அக்கரைக்கு நீந்தும்போது பாதியில் திரும்பியவனுக்குப் பட்டப்பெயர் வைத்து, அது அவன் கலியாணம் வரைக்கும் தொடர்கிற ஊர் இது.

குகைச் சுழியோடிகளுக்கு இதற்கென்றே ஒரு விதி உண்டு. யாரும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் டைவை முடித்துவிடலாம். பெருவிரலைக் காட்டினால் போதும். மற்றவர்கள் திரும்பியே ஆக வேண்டும். வெளியே வந்த பிறகும் ஏன் என்று குறுக்கு விசாரணை கிடையாது. நம்மிடத்தில் மூன்று பேர் பயணம் போனால் ஒருவரை அமீராக வைக்கிறோம், மஷூரா செய்து முடிவெடுக்கிறோம், அமீர் சொன்னதைக் கேட்கிறோம். நல்ல முறை. ஆனால் அங்கே திரும்புகிற விசயத்தில் மட்டும் ஆக இளையவனுக்கும் அமீரின் அதிகாரம். இதைத் தண்ணீருக்குள் போன பிறகு தீர்மானிக்க முடியாது. மாலைதீவில், சாப்பாட்டு மேசையில், மூன்று பேரும் இருந்து வாயால் சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்கும் மேலே, கடலில் செய்கிற சாதாரண டைவில் அந்த இளையவரைக் கொண்டு காரணமே இல்லாமல் ஒரு தரம் பெருவிரலைக் காட்டச் சொல்லுங்கள், இருவரும் முகம் சுளிக்காமல் திரும்புங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு தரம் செய்தவருக்கு இரண்டாம் தரம் கை எழும்பும்.

இப்போது விளங்குகிறதா, நான் ஏன் "சிங்கம்" கொமன்டுக்குப் பயப்படுகிறேன் என்று? பாராட்டத்தான் நீங்கள் எழுதுகிறீர்கள். ஆனால் அது அந்தப் பெருவிரலில் கட்டுகிற பாரம். ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, வீடியோ கேட்கிறது, சிங்கம் என்று பேர் வைத்துவிட்டது, இனி எப்படித் திரும்புவது? அவர் போய் இரண்டாம் நாளே "எனக்குச் சரிவரல்ல, நான் கடல்ல மட்டும்தான் இறங்கினேன்" என்று போஸ்ட் போட்டால், அதற்கும் இதே லைக் விழுமா? விழும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதவர்கள், தயவுசெய்து இப்போதே அந்தக் கொமன்டை அழித்துவிடுங்கள்.

தம்பியின் உம்மா இரண்டு தரம் கோல் எடுத்தார். "சேர், நீங்க சொன்னா கேப்பான், போகாதண்டு சொல்லுங்க" என்றார். போகாதே என்று நான் சொல்லவில்லை, அதையும் அவரிடம் நேரே சொன்னேன். ஒளித்துப் போகிறவன் யாரிடமும் கணக்குக் கேட்க மாட்டான். கேட்டுவிட்டுப் போகிறவனிடம் நாம் நாலு விதியாவது சொல்லலாம். இரண்டு விசயத்தை மட்டும் எனக்கு வாக்குத் தரச் சொன்னேன். ஒன்று, அங்கே முதல் வேலையாகக் கவர்ன் கோர்ஸ் செய்வது, இரண்டு மூன்று நாள்தான், 12 டைவில் நாலைந்து குறையும், குறையட்டும். மற்றது, கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையில் குறைந்தது 18 மணித்தியாலம் விடுவது. பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்களுக்குச் சொல்லப்பட்ட நேரம் அது, நான் 24 வைக்கச் சொன்னேன். அவருடைய திட்டத்தில் கடைசி நாள் காலையில் டைவ், இரவு விமானம் என்றிருந்தது. அதை வெட்டிவிட்டார். இரண்டுக்கும் "சரி சேர்" என்றார். டைவிங் விபத்துக்கான காப்புறுதி எடுத்த ரசீதை உம்மாவின் போனுக்கு அனுப்புவதாகவும் சொல்லியிருக்கிறார்.

மாலைதீவிலோ கட்டாரிலோ டுபாயிலோ இருந்து இதைப் படிக்கிற டைவிங் துறைத் தம்பிமாரில் கவர்ன் கோர்ஸ் செய்தவர்கள் யாராவது இருந்தால், எங்கே செய்தீர்கள், எத்தனை நாள், எவ்வளவு முடிந்தது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி வெளியே வருகிற பயிற்சி எப்படி இருந்தது என்று கொமன்டில் எழுதுங்கள். அவர் இந்த மாதக் கடைசியில் இடம் புக் பண்ணப் போகிறார், அதற்கு முதல் வேண்டும்.